காய்ச்சல் மருந்தாகுமா? எச்.ஐ.வி.யும் வெப்பச் சிகிச்சையும்: வாசகர் கேள்வி – பதில்

கடந்த இரண்டு மாதங்களில் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஆறு, ஒரே விடயத்தைப் பற்றியவை. உடலைச் சூடாக்கி எச்.ஐ.வி. கிருமியை அழித்துவிடலாம் என்று சொல்லும் ஒரு காணொளி, வன்னிப் பகுதியில் கைத்தொலைபேசி வழியாகப் பலருக்கும் போய்ச் சேர்ந்திருப்பதாகத் தெரிகிறது. ஆகவே இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்குகிறேன். எழுதியவர்களின் பெயர்களை நீக்கியிருக்கிறேன், ஊர்ப்பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: டொக்டர் ஐயா, எனது தம்பி எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர். மூன்று வருடங்களாகக் கிளினிக்கில் தரும் குளிசையை ஒழுங்காக எடுத்து வருகிறார், உடம்பும் நன்றாக இருக்கிறது. அமெரிக்காவில் ஒருவருடைய இரத்தத்தை வெளியே எடுத்து, 42 பாகைக்குச் சூடாக்கித் திரும்ப ஏற்றி அவரைக் குணப்படுத்தினார்கள் என்றும், மருந்துக் கம்பனிகள் அதை மறைத்துவிட்டன என்றும் ஒரு காணொளியில் பார்த்திருக்கிறார். இங்கேயும் ஓர் இடத்தில் ஆவிப் பெட்டியில் 21 நாள் இருத்தி அதே பலனைத் தருவதாகச் சொல்கிறார்களாம். அதற்குக் குளிசையை நிறுத்த வேண்டுமாம். காணியை ஈடுவைத்தாவது போவேன் என்று நிற்கிறார். நான் அவருக்கு என்ன சொல்வது?
(ஓர் அக்கா, மாங்குளம்)

பதில்: அம்மா, முதலில் ஒன்றை மட்டும் தம்பியிடம் சொல்லுங்கள்: எங்கே போனாலும், யார் சொன்னாலும், குளிசையை ஒரு நாளேனும் நிறுத்த வேண்டாம். மற்றவற்றை ஆறுதலாகப் பேசலாம்.

அந்தக் காணொளியில் சொல்லப்படும் அமெரிக்க நிகழ்ச்சி முழுப் பொய்யன்று. அதனால்தான் அதை நம்பிவிடுகிறார்கள். 1990ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் இரண்டு மருத்துவர்கள் அத்தகைய சிகிச்சையை உண்மையாகவே செய்தார்கள். நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி, பெரிய நாளம் ஒன்றிலிருந்து குருதியைக் குழாய் வழியே வெளியே எடுத்து, பம்பியும் சூடாக்கியும் உள்ள இயந்திரமொன்றினூடாகச் செலுத்தி மீண்டும் உடலுக்குள் அனுப்பி, முழு உடலின் வெப்பநிலையையும் ஏறத்தாழ 42 பாகை செல்சியஸ் வரை உயர்த்தினார்கள். செய்தி தொலைக்காட்சிகளில் பெரிதாக வந்தது. அந்நாளில் எயிட்ஸ் நோய்க்கு இருந்த மருந்துகள் மிகச் சில, பயனும் குறைவு. சாவை எதிர்பார்த்திருந்த ஆயிரக்கணக்கான இளைஞர்களும் அவர்களுடைய குடும்பங்களும் அந்தச் செய்தியைப் பற்றிப் பிடித்ததை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அமெரிக்க அரசின் ஒவ்வாமை, தொற்றுநோய்கள் தொடர்பான தேசிய நிறுவகத்தின் நிபுணர்கள் அதே ஆண்டில் அங்கு நேரடியாகச் சென்று, குறிப்பேடுகளையும் பரிசோதனை முடிவுகளையும் ஆராய்ந்து, அந்தச் சிகிச்சையால் பயன் கிடைத்ததற்குச் சான்று இல்லை என்று அறிவித்தார்கள். எதுவும் மறைக்கப்படவில்லை. அறிவித்த முடிவு பலர் எதிர்பார்த்ததாக இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பின்னரும் முயற்சி முற்றாக நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1990களின் நடுப்பகுதியில் சிறு தொகையினரைக் கொண்டு, முறையான அனுமதியுடன், அதே குருதிச் சூடாக்கல் மேலும் பரீட்சிக்கப்பட்டது. எயிட்ஸ் நிலையில் தோலிலும் உள்ளுறுப்புகளிலும் வரும் கப்போசி சார்கோமா என்னும் புற்றுக் கட்டிகளையே அவர்கள் முக்கியமாகக் கவனித்தார்கள். நோயைக் கட்டுப்படுத்தும் நிலையான பயன் எதையும் அந்த ஆய்வுகள் நிறுவவில்லை. 1996 அளவில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை வந்தது; படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். அதன்பின் ஒருவரை மயக்கமாக்கி, குருதி உறைதல் குழம்பும் ஆபத்தையும் இதயத் துடிப்புக் குலையும் ஆபத்தையும் தாங்கச் செய்து சூடாக்குவதற்கு நியாயம் எதுவும் மிஞ்சவில்லை.

ஆவிப் பெட்டியைப் பற்றி: அட்லாண்டாவில் இயந்திரமும் மயக்க மருந்தும் தீவிரக் கண்காணிப்பும் இருந்தன. பலகைப் பெட்டிக்குள் இருத்தி, தலையை மட்டும் வெளியே விட்டு, கீழே இலை தழை அவித்த தண்ணீரைக் கொதிக்க வைப்பதால் உள்ளுடல் வெப்பம் அந்த அளவுக்கு ஏறாது. ஏறினால் அது வெப்ப அதிர்ச்சி எனப்படும் உயிராபத்து. ஆக, சொல்பவர்கள் சொல்வது நடக்காது, நடந்தால் ஆளைக் கொல்லும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி ஓரிடத்துக்குப் போனார். வன்னியில் ஒரு கிராமத்தவர் என்பதற்கு மேல் சொல்ல மாட்டேன். குளிசையின் சூடும் ஆவியின் சூடும் சேர்ந்தால் ஈரல் கெட்டுவிடும் என்று அங்கே அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஏழு கிழமை கழித்து, காய்ச்சலோடும் வாய் முழுவதும் வெள்ளைப் படலத்தோடும் என்னிடம் வந்தார். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொதி இருந்தது. பிரித்துப் பார்த்தபோது, கிளினிக்கில் கொடுத்த இரண்டு போத்தல்களும் மூடியின் முத்திரை உடையாமல் அப்படியே இருந்தன. தண்ணீர் குடித்தாலும் தொண்டை நோகிறது என்றார். முன்பு அளவிட முடியாதபடி தாழ்ந்திருந்த வைரஸ் அளவு மீண்டும் உயர்ந்திருந்தது. அவர் பிழைத்தார், இப்போது நலமாக இருக்கிறார். ஆனால் அந்த இடத்துக்குக் கட்டிய காசுக்காக விற்ற இரண்டு பசுக்களையும் அவரால் திரும்ப வாங்க முடியவில்லை. உங்கள் தம்பி காணியை ஈடுவைக்க நினைக்கிறார் என்று நீங்கள் எழுதிய வரியை வாசித்தபோது எனக்கு அந்தப் பத்திரிகைத் தாள் பொதிதான் நினைவுக்கு வந்தது.

கேள்வி: நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவன். எச்.ஐ.வி. 56 பாகை வெப்பத்தில் அரை மணித்தியாலத்தில் செயலிழக்கும் என்று வாசித்தேன். அப்படியானால் வெப்பம் அதற்குப் பகைதானே? உடலுக்கு வெளியே நடப்பது உடலுக்குள் ஏன் நடக்காது?
(ஒரு மாணவன், கிளிநொச்சி)

பதில்: தம்பி, நல்ல கேள்வி. நீர் வாசித்தது சரி. உடலுக்கு வெளியே வெப்பம் இந்த வைரசுக்குப் பகைதான், அந்த அறிவு பல உயிர்களைக் காத்தும் இருக்கிறது. குருதி உறையாமைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஏற்றப்படும் எட்டாம் உறைதற் காரணி, பல்லாயிரம் பேரின் குருதித் திரவத்தைச் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. 1980களின் தொடக்கத்தில் அதன் வழியாக உலகெங்கும் ஆயிரக்கணக்கானோருக்கு எச்.ஐ.வி. தொற்றியது, அவர்களில் சிறுவர்களும் பலர். 1984, 1985 அளவில் அந்தத் தயாரிப்பை வெப்பத்தால் பதப்படுத்தத் தொடங்கியபின் அந்த வழி அடைபட்டது. தாய்ப்பால் வங்கிகளில் பாலை 62.5 பாகையில் 30 நிமிடம் வைப்பதும் இதே அடிப்படையில்தான்.

இனி, உடலுக்குள் வருவோம். முட்டையின் வெண்கரு 60 பாகையை அண்டிய வெப்பத்திலேயே வெளிறி இறுகத் தொடங்குவதை அடுப்படியில் பார்த்திருப்பீர். நமது குருதியிலும் தசையிலும் மூளையிலும் இருப்பதும் அதே வகைப் புரதங்கள்தாம். 37 பாகையில் வாழும் உடல் 42 பாகையைச் சிறிது நேரம் தாங்குவதே அரிது. 42க்கும் 56க்கும் இடையில் உள்ள 14 பாகையில் வைரஸ் சாவதற்கு நெடுநேரம் முன்பே மனிதன் செத்துவிடுவான்.

இதைவிடப் பெரிய தடை வேறொன்று. போத்தலில் உள்ள வைரஸ் தனியாக மிதப்பது. உடலில் உள்ள வைரஸ் அப்படியன்று. எச்.ஐ.வி. தனது மரபுச் செய்தியான ஆர்.என்.ஏ.யை, நமது கலங்களின் மரபுச் செய்தி எழுதப்பட்டிருக்கும் டி.என்.ஏ. வடிவத்துக்கு மாற்றி, சீ.டி.4 எனப்படும் வெண்குருதிக் கலங்களின் கருவுக்குள் நுழைந்து, அந்தக் கலத்தின் சொந்த டி.என்.ஏ.யோடு தன்னைப் பொருத்திவிடுகிறது. அந்தக் கலங்களில் ஒரு பகுதி எதையும் உற்பத்தி செய்யாமல் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். நிணநீர்க் கணுக்களிலும் குடற் சுவரிலும் அவை நிறைய இருக்கின்றன, மூளையிலும் வைரஸ் தங்குகிறது. உறங்கும் கலத்துக்குள் இருக்கும் வைரஸ், அந்தக் கலத்தின் எழுத்துகளுக்கிடையே எழுதப்பட்ட சில வரிகள் மட்டுமே. கலத்தை அழிக்காமல் வெப்பத்தால் அந்த வரிகளை மட்டும் அழிக்க வழியில்லை. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானோரில் சில கிழமைகளிலேயே வைரஸ் திரும்ப எழுவதும் இந்த மறைவிடங்களிலிருந்துதான்.

இன்னொன்றையும் சொல்கிறேன், உமக்குப் படிப்புக்கும் உதவும். பாரிஸ் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மனிதனின் சீ.டி.4 கலங்களை ஆய்வுகூடத்தில் 39.5 பாகையில், அதாவது காய்ச்சல் வெப்பத்தில் வளர்த்துப் பார்த்தபோது, எச்.ஐ.வி. 2 முதல் 7 மடங்கு வரை கூடுதலாகப் பெருகியது. கலம் சூட்டைத் தாங்குவதற்காக உண்டாக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களுள் ஒன்றை வைரஸ் தனது பெருக்கத்துக்குப் பயன்படுத்திக்கொள்வதாக அவர்கள் காட்டினார்கள். ஆய்வுகூடக் கலங்களில் கண்டது முழு மனிதனிலும் அப்படியே நடக்கும் என்று நாம் முடிவுகட்டக் கூடாது. ஆனாலும் மிதமான சூடு இந்த வைரசை அடக்கும் என்று எண்ணுவதற்கு அங்கே எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை, எதிர்மாறானதே கிடைத்தது.

கேள்வி: அந்த நாளில் வன்னியில் மலேரியா வராத வீடு இல்லை. மலேரியாக் காய்ச்சலைக் கொடுத்துப் பைத்தியத்தைக் குணப்படுத்தியதற்கு நோபல் பரிசு கொடுத்தார்கள் என்று என் ஆசிரியர் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது எச்.ஐ.வி.க்கும் அதைச் செய்யலாம் என்று பேசுகிறார்கள். உண்மையா?
(ஓய்வுபெற்ற தபாலதிபர், நெடுங்கேணி)

பதில்: ஐயா, உங்கள் ஆசிரியர் சொன்னது சரி. முற்றிய மேகநோய், அதாவது சிபிலிசு, மூளையைத் தாக்கிச் சித்தப்பிரமையையும் முடக்கத்தையும் உண்டாக்கும். வியன்னாவில் யூலியஸ் வாக்னர் யவுரெக் என்னும் மருத்துவர் 1917இல் அத்தகையோருக்கு மலேரியா நோயாளியின் குருதியை ஏற்றி, பல தடவை கடுங்காய்ச்சல் வரவிட்டு, பின் கொயினா கொடுத்து மலேரியாவை அடக்கினார். சிலர் தேறினார்கள், சிலர் அந்த மலேரியாவினாலேயே மாண்டார்கள். வேறு மருந்து எதுவும் இல்லாத காலம் என்பதால் அதை ஏற்றார்கள். 1927இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1940களில் பெனிசிலின் வந்ததும் அந்த முறை வழக்கொழிந்தது. மேகநோய்க் கிருமி பற்றீரிய வகையைச் சேர்ந்தது, சூட்டைத் தாங்காதது. எச்.ஐ.வி. பற்றி மேலே மாணவனுக்கு எழுதியதை நீங்களும் வாசித்திருப்பீர்கள்.

எச்.ஐ.வி.க்கு மலேரியா கொடுக்கலாம் என்ற யோசனையை 1990களில் முன்வைத்தவர் அமெரிக்க மருத்துவர் ஹென்றி ஹைம்லிச். தொண்டையில் உணவு அடைத்தால் வயிற்றை அழுத்தி வெளியேற்றும் முறைக்கு அவருடைய பெயரே வழங்குகிறது. அந்தப் பெயரின் மதிப்பினால் இந்த யோசனைக்கும் கவனம் கிடைத்தது, சீனாவில் எச்.ஐ.வி. உள்ளவர்களில் அதைச் செய்தும் பார்த்தார்கள். அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் 1993இலேயே இதற்கு ஆதாரம் இல்லை, இதை நியாயப்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டது. பின்னர் மலாவி நாட்டில் செய்து 2005இல் வெளியிடப்பட்ட ஆய்வில், எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்கு மலேரியா வரும்போது குருதியில் உள்ள வைரசின் அளவு ஏறத்தாழ இருமடங்காவது தெரிந்தது.

ஐயா, மலேரியா என்ற சொல்லை இந்த மண்ணில் யாரும் இலேசாகச் சொல்லக் கூடாது. நான் சிறுவனாக இருந்தபோது, இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கிடுகுக் கொட்டிலில் இருந்தோம். ஒருநாள் விட்டு ஒருநாள், பின்னேரம் இரண்டு மணிக்கு மணியடித்தாற்போல் எனக்குக் குளிர் பிடிக்கும். பற்கள் அடித்துக்கொள்ளும். அம்மா வீட்டில் இருந்த துணியெல்லாம் போர்த்தி, போதாமல் நெற்சாக்குகளையும் மேலே போட்டு, அவற்றின் மேல் தானும் சாய்ந்து என்னை அழுத்திப் பிடித்துக்கொள்வார். அந்தச் சாக்கின் தூசி மணம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது. பிறகு சூடு ஏறும். பிறகு வியர்த்து ஊற்றிச் சாக்கும் பாயும் நனையும். மருந்துத் தட்டுப்பாடான காலம். கிடைத்த குளோரோகுயின் குளிசையைச் சீனியோடு பொடியாக்கித் தருவார், அப்போதும் அந்தக் கசப்பு அடுத்த நாள்வரை நாக்கை விட்டுப் போகாது. எங்கள் வரிசையில் ஐந்து கொட்டில்கள் தள்ளி இருந்த ஒரு குழந்தை அந்த மாரியில் காய்ச்சலால் இறந்தது.

அந்த நோயை இந்த நாட்டிலிருந்து அகற்ற எத்தனை பேர் வீடு வீடாக மருந்தடித்து, விரலில் குத்திக் குருதி எடுத்து, நுணுக்குக்காட்டியின் முன் குனிந்திருந்தார்கள் என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாட்டுக்குள்ளேயே பரவி வந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் மலேரியாவைக் காவும் அனோபிலிசு நுளம்பு நமது குளங்களையும் வாய்க்கால்களையும் விட்டுப் போய்விடவில்லை. சிகிச்சை என்ற பெயரில் ஒருவருடைய உடலில் அந்தக் கிருமியை வேண்டுமென்றே ஏற்றினால், அவரைக் கடிக்கும் நுளம்பு அயல் வீட்டுக் குழந்தையையும் கடிக்கும். இப்படி ஒரு முயற்சி எங்கேனும் நடப்பதாகக் கேள்விப்பட்டால், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் பணிமனைக்கோ மலேரியா தடை இயக்கத்தின் அலுவலர்களுக்கோ உடனே அறிவியுங்கள். நீங்கள் தபாலதிபராக இருந்தவர்; உங்கள் சொல்லை ஊர் கேட்கும்.

கேள்வி: எனக்கு எச்.ஐ.வி. இருப்பது என் கணவருக்கும் கிளினிக்குக்கும் மட்டுமே தெரியும். தடிமன் வந்தால் வேது பிடிப்பதும், கால் நோவுக்கு நொச்சி இலை ஒத்தணம் கொடுப்பதும் எங்கள் வீட்டு வழக்கம். இதுவும் கூடாதா? எங்கள் வீடு தகரக் கூரை. பகலில் உள்ளே நிற்க முடியாத வெக்கை. குளிசை கெட்டுவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.
(ஒரு வாசகி, செட்டிகுளம்)

பதில்: தங்கையே, தடிமனுக்குச் சில நிமிடங்கள் வேது பிடிப்பதால் எச்.ஐ.வி.க்கு நன்மையும் இல்லை, கேடும் இல்லை. மூக்கடைப்புக்குச் சுகமாக இருக்கிறது என்றால் பிடியுங்கள். கொதிநீர்ப் பாத்திரம் கவிழாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒத்தணத்தில் ஒரு கவனம் தேவை. எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் சிலருக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் பாதங்களில் உணர்ச்சி மங்கியிருக்கும். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். ஆகவே பொதியை முதலில் கணவரின் முழங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு உங்கள் காலில் வையுங்கள். இருமல் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் வேதுவை விட்டுவிட்டுச் சளிப் பரிசோதனைக்குப் போங்கள். காசநோய் எச்.ஐ.வி. உள்ளவர்களை எளிதாகப் பற்றும், குணப்படுத்தவும் கூடியது.

காய்ச்சல் வந்தால், உடம்பு கிருமியை எரிக்கிறது, விட்டுவிடுவோம் என்று காத்திருக்க வேண்டாம். அது டெங்காக இருக்கலாம். வயலில் இறங்கி வேலை செய்திருந்தால் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். இரண்டும் நாள் தவறினால் ஆபத்து.

குளிசை பற்றிய உங்கள் பயம் நியாயமானது, ஆனால் தீர்க்கக்கூடியது. பொதுவாக இந்த மருந்துகளை 30 பாகைக்குக் கீழ், ஈரம் படாமல் வைக்க வேண்டும். கூரைக்குக் கிட்டவோ, இரும்புப் பெட்டிக்குள்ளோ, மோட்டார் சைக்கிள் ஆசனத்தின் கீழோ வைக்காதீர்கள். வீட்டில் வெயில் படாத சுவரோரம், நிலத்துக்குக் கிட்டிய தட்டில், வந்த போத்தலிலேயே மூடி வையுங்கள். உள்ளே உள்ள ஈரம் உறிஞ்சும் சிறு பையை எறிய வேண்டாம். ஆட்கள் பார்த்துவிடுவார்கள் என்று குளிசைகளைக் கடதாசியில் கொட்டி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கும் சகோதரிகளை நான் அறிவேன். அவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது, ஆனால் அப்படி வைத்த குளிசை ஈரம் குடித்துவிடும். போத்தலின் லேபிளை உரித்துவிட்டு, நாளையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நீங்கள் எடுப்பது டொலுடெக்ரவிர் சேர்ந்த குளிசையாக இருந்தால், இரும்புச்சத்து, கல்சியம், நெஞ்செரிவு மருந்து ஆகியவற்றை அதோடு ஒரே நேரத்தில் விழுங்காமல், அவற்றுக்கு 2 மணித்தியாலம் முன்போ 6 மணித்தியாலம் பின்போ எச்.ஐ.வி. குளிசையை எடுங்கள். உலோகம் சேர்ந்த செந்தூரம் போன்ற நாட்டு மருந்துகள் எடுப்பதானால் முதலில் கிளினிக்கில் சொல்லுங்கள்.

கேள்வி: கருப்பைக் கழுத்தில் மாற்றம் இருந்தால் சூடு வைத்துக் கருக்குவார்கள் என்று வெளிநாட்டில் தாதியாக இருக்கும் என் மச்சாள் சொன்னார். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இதை முக்கியமாகச் செய்வார்களாம். இதுவும் அந்தக் காணொளி போன்ற பரீட்சார்த்தச் சிகிச்சைதானா?
(ஒரு வாசகி, முல்லைத்தீவு)

பதில்: இல்லை அம்மா, இது நிறுவப்பட்ட சிகிச்சை. எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 6 மடங்கு அதிகம். காரணம் எச்.பி.வி. என்னும் வேறொரு வைரஸ். தளர்ந்த நிர்ப்பீடனத்தால், அதாவது உடலின் நோயெதிர்ப்புச் சக்தியால், அதை விரட்ட முடிவதில்லை. புற்றாக மாறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தோன்றும் மாற்றத்தைக் கண்டுபிடித்து, ஏறத்தாழ 100 பாகைக்குச் சூடாக்கிய சிறு முனையை 20 முதல் 30 விநாடி வரை அந்த இடத்தில் வைத்து அழிக்கலாம். இதற்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டல் வெளியிட்டது. மின்னால் சூடேறும் கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுப்பது இன்னொரு முறை. எது பொருத்தம் என்பதை மகப்பேற்று வைத்திய நிபுணர் பார்த்துத் தீர்மானிப்பார். இங்கே சூடு எச்.ஐ.வி.யைத் தேடிப் போகவில்லை; கண்ணால் பார்த்து, கை எட்டும் இடத்தில், கெட்ட இழையத்தை மட்டும் அழிக்கிறது.

நமது நாட்டில் சுகவனிதையர் கிளினிக்கில் 35, 45 வயதுகளில் இந்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. எச்.ஐ.வி. உள்ள பெண்கள் அந்த வயதுவரை காத்திருக்கக் கூடாது. 25 வயதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்கள் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்திலேயே கேளுங்கள். கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தை வெட்டிக் கொண்டுபோய்த் தாதியிடம் காட்டினாலும் போதும்.

கேள்வி: நான் எச்.ஐ.வி.யுடன் ஒன்பது வருடங்களாக வாழ்கிறேன். வாழ்நாள் முழுவதும் குளிசை எடுப்பது சலிப்பாக இருக்கிறது. பூரண குணம் தரும் ஆராய்ச்சி எதிலாவது சேரலாமா? உண்மையான ஆராய்ச்சியையும் ஏமாற்றையும் எப்படிப் பிரித்தறிவது?
(பெயர் குறிப்பிடாதவர், வவுனியா)

பதில்: உங்கள் சலிப்பை நான் சிறிதாக எண்ணவில்லை. ஒன்பது வருடம் என்றால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இரவுகள் ஒரு குளிசையை நினைவு வைத்து விழுங்கியிருக்கிறீர்கள். அதன் பலனையும் எண்ணிப் பாருங்கள். குருதியில் வைரஸ் அளவிட முடியாதபடி தாழ்ந்திருக்கும் ஒருவரிடமிருந்து உடலுறவின் மூலம் துணைவருக்குத் தொற்றாது என்பதை, 2016இலும் 2019இலும் வெளியான பெரிய ஐரோப்பிய ஆய்வுகள் உறுதிப்படுத்தியிருக்கின்றன. இலங்கையில் இந்த மருந்து 2004 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை நாடு ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்ததற்கும் இந்த மருந்தே முக்கிய காரணம்.

பூரண குணம் அடைந்தவர்கள் உலகில் மிகச் சிலர். முதலாமவரான திமொதி ரே பிரவுனுக்குப் பெர்லினில் குருதிப் புற்றுநோய்க்காக என்புமச்சை மாற்றப்பட்டது. அந்த மச்சையைக் கொடுத்தவருக்கு எச்.ஐ.வி. நுழைய முடியாத அரிய மரபு மாற்றம் இயல்பாகவே இருந்தது. உயிரைப் பறிக்கக்கூடிய அந்தச் சிகிச்சையை, குளிசையோடு நலமாக இருக்கும் ஒருவருக்குச் செய்ய எந்த மருத்துவரும் முன்வர மாட்டார். உறங்கும் கலங்களை எழுப்பி அழிப்பது, மரபணுவைத் திருத்துவது எனப் பல வழிகளில் ஆராய்ச்சி நடக்கிறது. உடலைச் சூடாக்குவது அந்த வரிசையில் இன்று இல்லை.

ஓர் ஆராய்ச்சிக்கு உங்களை யாரேனும் அழைத்தால் முதலில் காசைப் பற்றிக் கேளுங்கள். உண்மையான பரீட்சார்த்த ஆய்வில், பரிசோதிக்கப்படும் சிகிச்சைக்காக உங்களிடம் பணம் வாங்க மாட்டார்கள். அடுத்து, நெறிமுறைக் குழு ஒன்றின் அனுமதி இருக்கிறதா, இலங்கை மருத்துவப் பரீட்சார்த்தப் பதிவேட்டில் அது பதியப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். தமிழில் எழுதிய சம்மதப் பத்திரத்தைத் தந்து, வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வரச் சொல்வார்கள். அதில் நன்மைக்குப் பக்கத்திலேயே தீமையும் எழுதியிருக்கும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றும் இருக்கும். குளிசையை நிறுத்திப் பார்க்கும் ஆய்வாக இருந்தால், அடிக்கடி குருதி எடுத்து வைரசின் அளவைப் பார்ப்பார்கள், அது எழுந்தவுடன் மருந்தைத் திரும்பத் தொடங்குவார்கள். உங்கள் கிளினிக் வைத்தியருக்குச் சொல்ல வேண்டாம் என்று ஒருவர் கேட்டாலே அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படி ஏதேனும் பத்திரம் கையில் கிடைத்தால், கையொப்பம் இடுவதற்கு முன், உங்கள் பெயரையும் முகவரியையும் கறுப்பு மையால் அழித்துவிட்டு ஒரு பிரதியை இந்தப் பகுதிக்கு அனுப்பி வையுங்கள். வரி வரியாக வாசித்து, அடுத்த இதழுக்குக் காத்திராமல் நேரடியாகவே பதில் எழுதுகிறேன்.